அத்தியாயம் 7: தெர்மாமீட்டர் சொல்வது சரிதானா?

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பாவின் இன்சுலின் உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 36 முதல் 46 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் கதவில் 37 என்று எண் ஒளிர்கிறது. பல ஃப்ரிட்ஜ்களில் அது நீங்கள் செட் செய்த எண்தான், உள்ளே நிஜமாக இருக்கும் குளிர்ச்சி வேறாக இருக்கலாம். சந்தேகப்பட்டு ஒரு சின்ன தெர்மாமீட்டரை வாங்கி உள்ளே வைத்தால் அது 41 என்கிறது. எதை நம்புவது?

இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். மூன்றாவதாக ஒன்றை வாங்கி ஓட்டெடுப்பு நடத்தவும் வேண்டாம். உருகும் ஐஸ் எந்தக் கடையில் வாங்கினாலும் 32 டிகிரிதான். அதை வைத்துத் தொடங்கலாம்.

சமையல் தெர்மாமீட்டர், ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர், சுவரில் உள்ள தெர்மோஸ்டாட், அவன், நீங்களே சாலிடர் செய்த சென்சார் போர்டு என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே சோதிக்கும் முறை இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. டிகிரி என்று மட்டும் எழுதினால் அது ஃபாரன்ஹீட். செல்சியஸ் வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குத் தியரி

பிழை என்பது இன்று உங்கள் கருவி எத்தனை டிகிரி தள்ளிக் காட்டுகிறது என்பது. நகர்வு என்பது அந்தப் பிழையே மாதக்கணக்கில் மாறிக்கொண்டு போவது. எப்போதும் 2 டிகிரி கூட்டிக் காட்டும் கருவியோடு குடும்பம் நடத்தலாம், 2 கழித்துக்கொண்டால் போதும். போன வருடம் சரியாக இருந்து, இந்த வருடம் 1 கூட்டி, அடுத்த வருடம் 2 கூட்டிக் காட்டுவதுதான் ஆபத்து. பிழையை ஒரே நாள் சோதனையில் பிடித்துவிடலாம். நகர்வைப் பிடிக்கத் தேதி போட்ட நோட்டு வேண்டும்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பதற்கும் கருவி எவ்வளவு சரி என்பதற்கும் சம்பந்தமில்லை. பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும் டிஎஸ்18பி20 சென்சார் ஒரு செல்சியஸ் டிகிரியைப் பதினாறாகப் பிரித்துக் காட்டும். அதைத் தயாரிப்பவர் உறுதி தருவதோ, மைனஸ் 10 முதல் 85 செல்சியஸ் வரை, கூடவோ குறையவோ அரை செல்சியஸுக்குள் இருக்கும் என்று மட்டும்தான்.

முதலில் பாதுகாப்பு

- கொதிக்கும் நீரின் மேல் தெர்மாமீட்டரைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆவி, கொதிநீரை விட மோசமாகச் சுடும். இடுக்கியாலோ, பாத்திரத்தின் விளிம்பில் மாட்டும் கிளிப்பாலோ பிடித்துக்கொள்ளுங்கள்.
- கண்ணாடித் தெர்மாமீட்டரை ஐஸிலிருந்து எடுத்தவுடன் கொதிநீரில் விடாதீர்கள். வெடிக்கும்.
- ஊரிலிருந்து பெட்டியில் வந்த பாதரசத் தெர்மாமீட்டரைச் சோதனைக்கே எடுக்காதீர்கள். உடைந்தால் வேக்குவம் கிளீனர் போடக் கூடாது, பாதரசம் வீடு முழுக்கப் பரவிவிடும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கவுண்டியின் அபாயக் கழிவுப் பிரிவைக் கூப்பிடுங்கள்.
- தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றும் முன் பிரேக்கரை அணையுங்கள். பெரும்பாலும் உள்ளே 24 வோல்ட்தான் இருக்கும். ஆனால் பேஸ்போர்டு மின் ஹீட்டர் உள்ள பழைய அபார்ட்மென்டுகளில் அதே பெட்டிக்குள் 240 வோல்ட் ஓடலாம்.

சோதனை 1: ஐஸ் கூழ், 32 டிகிரி

வேண்டியவை: நன்றாக மூடும் தெர்மாஸ் அல்லது தடித்த காபி டம்ளர், ஐஸ், குளிர வைத்த நீர் (மளிகைக் கடையில் கேலனாகக் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது), நீளக் கரண்டி, நோட்டு.

1. கருவியின் பேட்டரியை முதலில் மாற்றுங்கள். சாகப்போகும் பேட்டரியும் ரீடிங்கைக் கெடுக்கும். அதைச் சென்சாரின் தலையில் கட்டக் கூடாது.
2. ஐஸை மிக்ஸியில் போட்டு ரவை மாதிரி நொறுக்குங்கள். ஃப்ரீசரிலிருந்து வந்த ஐஸ் 0 டிகிரியை ஒட்டி இருக்கும், 32 அல்ல. வெள்ளைப் பூச்சு மறைந்து, ஐஸ் ஈரமாகிக் கண்ணாடி போலத் தெரியும்வரை காத்திருங்கள்.
3. தெர்மாஸில் மேல்விளிம்பு வரை ஐஸை அழுத்தி நிரப்பி, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். ஐஸ் மிதந்தால் நீர் அதிகம். கொஞ்சம் வடித்துவிடுங்கள்.
4. 5 நிமிடம் மூடி வையுங்கள்.
5. சென்சாரின் முனையை நட்டநடுவில் இறக்குங்கள். அடியிலும் சுவரிலும் படக் கூடாது. முள் ஓடும் டயல் தெர்மாமீட்டர் என்றால் தண்டு இரண்டரை அங்குலமாவது உள்ளே போக வேண்டும். அதில் சென்சார் முனையில் மட்டும் இல்லை, தண்டில் கொஞ்ச தூரம் மேலே வரை சுருளாக இருக்கிறது.
6. முனையைச் சுற்றி மெதுவாகக் கலக்குங்கள். எண் ஓடுவது நின்ற பிறகு இன்னும் ஒரு நிமிடம் விட்டு எழுதுங்கள்.
7. வெளியே எடுத்துத் துடைத்து, அறைச் சூட்டுக்கு வரவிட்டு, இன்னும் இரண்டு முறை இதையே செய்யுங்கள். மூன்று எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் எழுதிக்கொள்ளுங்கள். நகர்வைப் பார்க்கும்போது அது தேவைப்படும்.

இந்தச் சோதனையில் பெரும்பாலோர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே நாலு ஐஸ் கட்டியை மிதக்க விட்டு, முனையை அடியில் வைத்துவிடுகிறார்கள். நீர் மிக அடர்த்தியாக இருப்பது 39 டிகிரியில், அதாவது 4 செல்சியஸில். அந்த நீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே ஐஸ் மிதக்க, கீழே 36, 37 என்று காட்டினால் கருவி உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் நாம் 5 டிகிரி பிழை என்று எழுதி, நல்ல கருவியைத் திருகிக் கெடுத்துவிடுவோம். உப்பு பட்ட பாத்திரமும் கூடாது. உப்பு சேர்ந்தால் ஐஸ் 32-க்குக் கீழே இறங்கிவிடும்.

குறிப்பு: நீரில் நனையக் கூடாத ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரை ஜிப் கவரில் போட்டு, காற்றை நன்றாக வெளியேற்றி, கூழுக்குள் புதையுங்கள். கவருக்குள் இருக்கும் காற்று மெதுவாகத்தான் குளிரும், அதனால் அரை மணி நேரம் பொறுங்கள்.

சோதனை 2: கொதிநீர், ஊரைப் பொறுத்து

கொதிநீர் 212 டிகிரி என்பது கடல் மட்டத்துக்குத்தான் பொருந்தும். ஏறத்தாழ 500 அடி உயரத்துக்கு 1 டிகிரி குறையும்.

- எடிசன், ஐசலின், ஃப்ரீமான்ட், சான் ஹோசே, ஹூஸ்டன்: 212
- ஆஸ்டின், பிளேனோ, ஃப்ரிஸ்கோ: 211
- எல் பாசோ: 205
- விடுமுறைக்குப் போகும் தெற்கு டாஹோ ஏரிக்கரை: 200 முதல் 201

காற்றழுத்தமும் இதில் விளையாடும். பாதரச அளவில் 1 அங்குலம் மாறினால் கொதிநிலை 1.7 டிகிரி அளவுக்கு மாறும். புயல் சின்னம் வரும் நாளில் இந்தச் சோதனையைத் தள்ளிப் போடுங்கள். போனில் உள்ள வானிலை ஆப் காட்டும் அழுத்தத்தை எடுத்துக் கணக்குப் போடுபவர்கள் கவனிக்கவும்: அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். எல் பாசோவில் ஆப் 30 அங்குலம் என்று சொல்லும்போது அங்கே உண்மையில் இருப்பது ஏறத்தாழ 26. ஊரின் உயரம், ஆப் காட்டும் அழுத்தம் இரண்டையும் கொடுத்தால் கொதிநிலை சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் உண்டு.

1. ஆழமான பாத்திரத்தில் 4 அங்குலத்துக்கு நீர் ஊற்றி, தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வருவது கொதிப்பு அல்ல.
2. கருவியின் உச்ச வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரும் இங்கே வரவே கூடாது.
3. முனையை நீரின் நடுவில், அடியிலிருந்து ஓர் அங்குலமாவது மேலே நிறுத்துங்கள். அடித்தகடு நீரை விடச் சூடு.
4. எண் நின்றதும் எழுதுங்கள். இதையும் மூன்று முறை.

சோதனை 3: நடுப்புள்ளி

32-லும் 212-லும் சரியாக இருக்கும் கருவி 100-ல் தவறலாம். தயிருக்குப் பால் உறை ஊற்றுவது 110-ஐ ஒட்டி, இட்லி மாவு பொங்குவது 85 முதல் 90-க்குள். நமக்கு வேண்டிய எண்கள் இந்த நடுப்பகுதியில்தான் இருக்கின்றன.

இதற்கு வீட்டில் இருக்கும் நல்ல அளவுகோல் காய்ச்சல் தெர்மாமீட்டர். அமெரிக்காவில் விற்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர்களுக்கான தரநிலை, 98 முதல் 102 டிகிரி வரை 0.2-க்குள் சரியாக இருக்க வேண்டும் என்கிறது. பத்து டாலர் பொருளில் இவ்வளவு துல்லியம் வேறெதிலும் கிடைக்காது.

தெர்மாஸில் 101 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீர் எடுத்து, நீர் புகாத காய்ச்சல் தெர்மாமீட்டரின் முனையையும் உங்கள் கருவியின் முனையையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி இறக்குங்கள். கலக்கிக்கொண்டே இரண்டையும் ஒரே நேரத்தில் படியுங்கள். சில வினாடிகளில் பீப் அடித்து ஒரு எண்ணில் நின்றுவிடும் மாடல், ஏறும் வேகத்தை வைத்து ஊகிக்கிறது. பீப் வந்த பிறகும் முனையை நீரிலேயே விட்டு, எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கூட்டல் கழித்தல் மட்டும் போதாத இடம்

பிளேனோவில் ஒரு கருவி ஐஸில் 33 காட்டுகிறது, கொதிநீரில் 210 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே கொதிநிலை 211. கீழே 1 கூடுதல், மேலே 1 குறைவு. ஐஸ் சோதனையை மட்டும் செய்துவிட்டு எல்லா ரீடிங்கிலும் 1 கழிப்பவர், கோழிக்கறியில் 165 என்று பார்த்தால் 164 என்று எடுத்துக்கொள்வார். சரியான கணக்கு இது:

1. கருவியின் வீச்சு: 210 – 33 = 177
2. உண்மை வீச்சு: 211 – 32 = 179
3. பெருக்கும் எண்: 179 ÷ 177 = 1.0113
4. ரீடிங்கிலிருந்து ஐஸ் எண்ணைக் கழிக்கவும்: 165 – 33 = 132
5. பெருக்கி 32 கூட்டவும்: 132 × 1.0113 + 32 = 165.5

வெறுமனே 1 கழித்தவர் ஒன்றரை டிகிரி தள்ளிப் போய்விட்டார். சமையலறைக்கு இது பெரிய விஷயமில்லை, கறியை இன்னும் ஒரு நிமிடம் வைத்தால் தீர்ந்தது. சென்சார் போர்டில் புரோகிராம் எழுதுபவர்கள் ஐஸ் எண், பெருக்கும் எண் இரண்டையும் அப்படியே கோடில் போட்டுவிடலாம்.

சில டிஜிட்டல் கருவிகளில் திருத்தும் பட்டன் உண்டு. டயலில் முகப்புக்குக் கீழே ஒரு நட் இருக்கும், ஐஸ் கூழில் வைத்தபடியே ஸ்பானரால் திருப்பி 32-க்குக் கொண்டுவரலாம். திருத்தும் முன் பழைய எண்ணை எழுதிவைக்க மறந்தால் நகர்வுக் கணக்கு அங்கேயே அறுந்துவிடும்.

நகர்வைப் பிடிக்கும் நோட்டு

கருவியின் பெயர், தேதி, ஐஸ் ரீடிங், கொதி ரீடிங், மூன்று முறைக்குள் இடைவெளி, பேட்டரி மாற்றிய நாள். இவ்வளவே போதும். கடிகாரத்தை முன்னும் பின்னும் திருப்பும் மார்ச், நவம்பர் நாட்களில் இதையும் செய்துவிடுங்கள், தனியாக நினைவு வைக்க வேண்டாம். கீழே விழுந்தாலோ, டிஷ்வாஷரில் தவறிப் போய் வந்தாலோ உடனே ஒரு சோதனை.

படிப்பது இப்படி. ஒரே நாளின் மூன்று ரீடிங்கிலேயே 0.3 இடைவெளி இருக்கும் கருவி, ஆறு மாதத்தில் 0.2 மாறினால் அது வெறும் சிதறல், நகர்வு அல்ல. ஐஸ் எண் 32.1, 32.5, 33.0 என்று ஒரே திசையில் ஏறினால் அது நகர்வு. எந்தத் திசை என்பது காரணத்தையும் சொல்லும்:

- சமையல் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். தண்டுக்குள் ஈரம் புகுந்தால் மின்சாரத்துக்குக் குறுக்குவழி கிடைத்து, தடை குறைந்து, கருவி கூட்டிக் காட்டும். பாத்திரம் கழுவும்போது தண்டும் பிடியும் சேரும் இடத்தை நனைக்காதீர்கள்.
- பிளக் அரித்துப்போனால் தடை கூடி, தெர்மிஸ்டர் குறைத்துக் காட்டும். பிளக்கை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.
- கிரில்லில் போடும் கே வகை தெர்மோகப்பிள் கடும் சூட்டில் நீண்ட நாள் கிடந்தால் நகரும். அதன் ஒயரை நீட்டச் சாதாரணச் செம்பு ஒயரை முறுக்காதீர்கள். ஒட்டுப்போட்ட இடத்தின் சூடும் கணக்கில் நுழைந்துவிடும்.

கருவிக்கு ஏற்றபடி

*ஃப்ரிட்ஜ்.* காற்றை அளந்தால் கதவு திறக்கும்போதெல்லாம் எண் துள்ளும். சோதித்த சென்சாரின் முனையை ஒரு கிளாஸ் நீருக்குள் வைத்து, நடுத்தட்டில் ஒரு நாள் விடுங்கள். தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ்களுக்கு சிடிசி பரிந்துரைப்பதும் இதே யோசனையைத்தான்: கிளைகோல் போன்ற திரவத்துக்குள் முனை, அரை செல்சியஸ் துல்லியமுள்ள டேட்டா லாகர், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேலிபரேஷன். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைக்கும் மாடல் வாங்குங்கள். இன்சுலினுக்குக் குறைந்தபட்ச எண்தான் முக்கியம். பின்சுவரை ஒட்டி வைத்தால் அது உறையக்கூடும். சாப்பாட்டுக்கு ஃப்ரிட்ஜ் 40-க்கு மேல் போகக் கூடாது, ஃப்ரீசர் 0.

கராஜில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் நியூஜெர்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல ஃப்ரிட்ஜ்களில் கீழ்ப்பகுதியின் சென்சார்தான் கம்ப்ரெஸரை ஓட்டுகிறது. ஜனவரியில் கராஜே குளிர்ந்துகிடந்தால் அது ஓட வேண்டாம் என்று முடிவு செய்துவிடும், மேலே ஃப்ரீசரில் மீன் உருகும். அங்கே சென்சார் சரி, இடம்தான் தப்பு. ஃப்ரீசருக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

*கரண்ட் போனால்.* 2012 அக்டோபரில் நியூஜெர்சியில் சாண்டி புயல், 2019 அக்டோபரில் வடக்குக் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பயத்தில் நிறுத்திய மின்சாரம், 2021 பிப்ரவரியில் டெக்சஸின் உறைபனி. மூன்று பகுதிக்காரர்களும் ஒருமுறை அனுபவித்தாயிற்று. திறக்காத ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48, பாதி நிறைந்தது 24. அதன் பிறகு முடிவு சொல்ல வேண்டியது சோதித்த தெர்மாமீட்டர். மோந்து பார்த்துத் தீர்ப்பு சொல்லும் பாட்டி முறை இங்கே வேண்டாம்.

*தெர்மோஸ்டாட்.* சோதித்த முனையை அதன் பக்கத்தில் டேப்பால் ஒட்டி, சுவரில் படாமல், 1 மணி நேரம் விடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் கருவியைப் பழிக்கும் முன் பின்னால் ஒயர் வரும் ஓட்டையைப் பாருங்கள். டெக்சஸ் கோடையில் ஆட்டிக்கின் வெந்த காற்று சுவருக்குள் இறங்கி, அந்த ஓட்டை வழியாகச் சென்சார் மேலேயே வீசலாம். பிரேக்கரை அணைத்து, ஓட்டையைப் புட்டியால் அடைத்தால் பல வீடுகளில் பிரச்சினை முடிந்தது.

நியூஜெர்சியில் அபார்ட்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த எண் சட்ட விஷயமும்கூட. அக்டோபர் 1 முதல் மே 1 வரை, காலை 6 முதல் இரவு 11 வரை 68 டிகிரியும், மற்ற நேரத்தில் 65-உம் வீட்டுக்காரர் தர வேண்டும். புகார் செய்வதாக இருந்தால், ஐஸ் சோதனை நோட்டையும் நேரம் போட்ட ரீடிங்குகளையும் சேர்த்து வையுங்கள்.

*அவன்.* 350-க்கு வைத்து, நடுத்தட்டில் அவன் தெர்மாமீட்டரை வைத்து, சூடானதும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் எழுதி, சராசரி எடுங்கள். அவன் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஒரு ரீடிங்கை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பல மாடல்களில் செட்டிங்கிலேயே 35 டிகிரி வரை திருத்த வழியுண்டு. குளிர்காலத்தில் அவன் லைட்டைப் போட்டு இட்லி மாவைப் பொங்க வைக்கிறவர்கள் அதே இடத்தில் ஒரு கிளாஸ் நீரில் சென்சாரை விட்டுப் பாருங்கள். லைட் மட்டும் எவ்வளவு சூடு தருகிறது என்பது அவனுக்கு அவன் மாறும். உள்ளே மாவு இருக்கிறது என்று பட்டன்மேல் ஒரு சீட்டும் ஒட்டுங்கள், பீட்சா சுட வரும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

*இன்ஃப்ராரெட் கன்.* பளபளப்பான எவர்சில்வரையும் பித்தளையையும் அது தப்பாகப் படிக்கும், எதிரொளிக்கும் கூரையைத்தான் பாதி அளக்கும். பழகிய இரும்புத் தோசைக்கல்லில் நன்றாக வேலை செய்யும். எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்பக்கம் கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டி, வெந்நீர் ஊற்றி, டேப்பின் மேல் குறிவைத்துச் சோதியுங்கள். அடுப்பின் மேல் டேப் கூடாது.

*சென்சார் போர்டுகள்.* ஈரப்பதமும் அளப்பவற்றை நீரில் விடாதீர்கள். மூடிய பிக்னிக் கூலருக்குள் சோதித்த முனையோடு சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள். வைஃபை சிப் பக்கத்திலேயே இருந்தால் அதன் சூட்டையும் சேர்த்து அளக்கும், ஒயரால் தள்ளி வையுங்கள். டிஎஸ்18பி20 சரியாக 85.0 செல்சியஸ் காட்டினால் அது அளக்கவே தொடங்கவில்லை என்று பொருள். பரவலாகப் பயன்படும் நிரலகத்தில் மைனஸ் 127 வந்தால் ஒயர் விட்டுப்போயிருக்கிறது.

சான்றிதழும் ஓய்வும்

பெட்டியில் நிஸ்ட் டிரேசபிள் என்று போட்டிருந்தால், மேரிலாந்து கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தரநிலை நிறுவனத்தின் அளவு வரை ஒப்பீட்டுச் சங்கிலி போகிறது என்று பொருள். உள்ளே உள்ள தாளில் உங்கள் கருவியின் சீரியல் எண், தேதி, சோதித்த புள்ளிகள், நிச்சயமின்மை அளவு நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் எண் இல்லாத சான்றிதழ் விளம்பரத் தாள். வீட்டில் இப்படி ஒரே ஒரு நல்ல கருவி இருந்தால் போதும். அதைத் தினசரிச் சமையலுக்கு எடுக்காமல், மற்றவற்றைச் சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திய பிறகும் ஆறு மாதத்தில் மறுபடி 2 டிகிரிக்கு மேல் நகர்ந்தாலும், ஒரே நாளின் மூன்று ரீடிங் 2 டிகிரிக்கு மேல் சிதறினாலும் அந்தக் கருவிக்கு ஓய்வு கொடுங்கள். பேட்டரியைத் தனியாக எடுத்துவிட்டு, உடலை எலக்ட்ரானிக் கழிவில் போடுங்கள். பாதரசக் கருவியை ஜிப் கவரில் இட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கவுண்டி அபாயக் கழிவு வாங்கும் நாளில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் நோட்டில் அதன் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, புதியதன் முதல் ஐஸ் ரீடிங்கை வாங்கிய அன்றே எழுதிவிடுங்கள்.